நான்ஸன் கற்ற கயாக்

நார்வே தேசத்து ப்ரிட்யோப் நான்ஸனை நம் நேயர்களிற் சிலர் வட துருவப் பிரயாணியாக அறிவர்; வேறு சிலர் நாடிழந்த அகதிகளுக்குப் பாஸ்போர்ட்டு வாங்கித் தந்த உத்தமராக அறிவர். இவ்விரண்டும் ஒரே மனிதர் செய்தவை என்பதையும், முந்திய காரியத்திற் பயின்ற பாடமே பிந்தியதற்குத் துணை நின்றது என்பதையும் எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. அவருடைய தைரியத்தைப் புகழாதார் இல்லை. அத்தைரியத்திற்கு முன்னே நின்ற ஆயத்தத்தைப் பற்றியும், அவ்வாயத்தத்தை அவர் யாரிடம் கற்றார் என்பதைப் பற்றியும் நாம் இன்று எழுதப் புகுகிறோம். பொதுக் காரியங்களில் இறங்கியிருப்போருக்கு இவ்விஷயம் பெரிதும் வேண்டற்பாலது.

நான்ஸன் 1861ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 10ஆம் தேதி, அக்காலத்தில் கிறிஸ்டியானியா என்றும் இப்போது ஆஸ்லோ என்றும் வழங்கும் நகரின் அருகே பிறந்தார். தந்தையார் வக்கீல். பனிச்சறுக்குக் கட்டைகளின் மேல் ஓடுவதில் சிறு வயதிலேயே தேர்ச்சி பெற்ற நான்ஸன், பிராணி சாஸ்திரம் பயின்று, 1882இல் ஸீல் வேட்டைக் கப்பலொன்றில் கிரீன்லாந்துக் கடலுக்குச் சென்றார். அப்போது தூரத்தே கண்ட அந்நாட்டின் கிழக்குக் கரை அவர் மனத்தை விட்டு அகலவில்லை. பின்னர் பெர்கன் நகரத்து மியூஸியத்தில் உத்தியோகம் வகித்து, நரம்பு மண்டலத்தைப் பற்றி ஆராய்ந்து, 1888இல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

அவ்வருஷமே கிரீன்லாந்தின் உட்பகுதியைக் குறுக்கே கடப்பதென்று துணிந்தார். அதற்கு முன் முயன்றவர்கள் ஜனங்கள் வசிக்கும் மேற்குக் கரையிலிருந்து புறப்பட்டு, கஷ்டம் மிகுந்தவுடன் வந்த வழியே திரும்பினார்கள். நான்ஸன் நிர்மானுஷ்யமான கிழக்குக் கரையிலிருந்து புறப்படுவதென்று தீர்மானித்தார். அங்ஙனம் செய்தால் பின்னாற் போக இடமில்லை; உயிர் பிழைக்க வேண்டுமாயின் முன்னே போயே தீர வேண்டும். இது பைத்தியக்காரத்தனம் என்று பலர் ஏசினர். நார்வே அரசாங்கம் பொருளுதவி செய்ய மறுத்தது. டென்மார்க் வர்த்தகர் ஒருவர் பணம் கொடுத்தார்.

பின்வழியை அடைத்துக்கொண்ட இத்துணிவை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு அவர் செய்த முஸ்தீப்பை விட்டுவிடுவோர் அவரை அரைகுறையாக அறிந்தவரே யாவர். சறுக்கு வண்டியின் கட்டைக்கு எம்மரம், அடுப்புக்கு எவ்வளவு ஸ்பிரிட், ஆளொன்றுக்கு எத்தனை பவுண்டு உணவு என்று ஒவ்வொன்றையும் அவர் தாமே சோதித்தார். ஆறு பேர் கொண்ட அக்கூட்டத்தில் பனியின் இயல்பை நன்கறிந்த ஸாமி ஜாதியார் இருவரையும் சேர்த்துக்கொண்டார். 1888 ஜூலை 17ஆம் தேதி கப்பலை விட்டு இரு படகுகளில் இறங்கினர். பனிக்கட்டிகள் அவர்களைச் சூழ்ந்து தெற்கே வெகு தூரம் அடித்துச் சென்றன. கரையேறிய பின் மீண்டும் வடக்கே துடுப்புப் போட்டு வந்து, ஆகஸ்டு மத்தியிலே பனிமேட்டில் ஏறி, ஏறக்குறைய 9,000 அடி உயரத்தைக் கடந்து, செப்டம்பர் கடைசியில் மேற்குக் கரையின் கடற்கழியை அடைந்தனர். அங்கே படகில்லை. வில்லோ மரக் கிளைகளை வளைத்து, கூடாரத் துணியைப் போர்த்து ஒரு சிறு படகு கட்டி, நான்ஸனும் ஸ்வெர்ட்ரூப் என்பவரும் அதில் ஏறி, அக்டோபர் 3ஆம் தேதி காட்தாப் என்னும் குடியிருப்பைச் சேர்ந்தனர்.

அவ்வருஷத்துக் கடைசிக் கப்பல் கிடைக்கவில்லை. ஆகவே குளிர்காலம் முழுவதும் அங்கே தங்க நேர்ந்தது. இதைத் துரதிர்ஷ்டமென்று நினைத்துக் காலத்தைப் போக்குபவர் பலர். நான்ஸனோ அந்நாட்டு இன்யூயிட் மக்களிடம் மாணாக்கராய் அமர்ந்தார். ஐரோப்பியர் அவர்களை எஸ்கிமோக்கள் என்று அழைத்து, அநாகரிகர் என்று எண்ணியிருந்த காலம் அது. அவர்களுடைய கயாக் என்னும் தோணி மரச் சட்டத்தின் மேல் ஸீல் தோலைத் தைத்து இழுத்து மூடியது. ஒருவன் உட்காரும் துவாரம் ஒன்றே உடையது. ஏறுபவன் அணியும் தோற் சட்டையை அத்துவாரத்தின் விளிம்பிலே இறுக்கிக் கட்டிவிட்டால் நீர் உள்ளே புகாது. இரு முனையிலும் தகடுடைய ஒற்றைத் துடுப்பால் அதைச் செலுத்துவர். அலை கவிழ்த்துவிட்டால், தேர்ந்தவன் வெளியே வராமலே துடுப்பை வீசி, நீருக்குள் ஒரு சுற்றுச் சுற்றி மீண்டும் நிமிர்ந்துவிடுவான். கற்றுக்கொள்பவனுக்கோ முதலில் நிலைத்து உட்காருவதே பெரும் பாடு. நான்ஸன் கயாக் செலுத்தவும், வேட்டையாடவும், அம்மக்களின் குடிசைகளில் வசிக்கவும், அவர்கள் உண்பதை உண்ணவும் பழகினார். திரும்பி வந்து அவர்களுடைய வாழ்க்கையைப் பற்றி 1891இல் ஒரு புஸ்தகம் எழுதி, ஐரோப்பியரின் சகவாசத்தால் அந்த ஜாதியார் நலிந்து வருவதை வெளிப்படையாகக் கண்டித்தார்.

அடுத்த பிரயாணமே அவருக்கு அழியாப் புகழ் தந்தது. ஸைபீரியாவுக்கு வடக்கே 1881இல் பனியால் நொறுக்கப்பட்ட ஜென்னட் என்னும் அமெரிக்கக் கப்பலின் சாமான்கள், மூன்று வருஷம் கழித்துக் கிரீன்லாந்துக் கரையிலே ஒதுங்கின. ஆகவே துருவக் கடலைக் கடந்து பனிப்படலம் நகருகின்றது என்றும், பனியின் நெருக்கத்துக்கு நொறுங்காமல் மேலே எழும்பும்படி ஒரு கப்பலைக் கட்டினால் அது தானாகவே மிதந்து மறுபுறம் வந்து சேரும் என்றும் நான்ஸன் வாதித்தார். அறிஞர் பலர் நகைத்தனர். காலின் ஆர்ச்சர் என்பார் கட்டிய பிராம் என்னும் அக்கப்பலில் 13 பேர் 1893 ஜூன் 24ஆம் தேதி புறப்பட்டனர். செப்டம்பரில் பனியிலே சிறைப்பட்டனர். கப்பல் நொறுங்கவில்லை. ஆயினும் மிதக்கும் திசை துருவத்துக்கு நேராயில்லை என்று கண்டு, நான்ஸன் கப்பலை ஸ்வெர்ட்ரூப்பிடம் ஒப்புவித்து, யால்மார் யோஹான்ஸனுடன் 1895 மார்ச்சு 14ஆம் தேதி வடக்கு நோக்கி நடந்தார். மூன்று சறுக்கு வண்டிகள், 28 நாய்கள், மூங்கிற் சட்டத்தின் மேல் கித்தான் போர்த்து அவர்களே கட்டிய, சுமார் 12 அடி நீளமுள்ள இரண்டு கயாக்குகள் ஆகியவை அவர்களுடைய மூலதனம். மிதந்துகொண்டே இருக்கும் கப்பலுக்கு மீண்டும் போய்ச் சேர வழியில்லை என்பது புறப்படும்போதே தெரிந்ததுதான்.

ஏப்ரல் மாதம் 86 டிகிரி 14 நிமிஷத்தை எட்டினர். அதற்கு முன் எவரும் சென்றதற்கு ஏறக்குறைய மூன்று டிகிரி அப்பால் அது. அங்கிருந்து பனி மிகவும் கரடுமுரடாயிருக்கக் கண்டு, துருவத்தை விட்டுத் தெற்கே திரும்பினர். கைக்கெட்டும் போலத் தோன்றிய கீர்த்தியைக் கணக்குப் பார்த்து விட்டுவிடுவதும் தலைமைக்குரிய குணமென்றே நாம் கொள்வோம். சில தினங்களில் இருவர் கடிகாரங்களும் சாவியின்றி நின்றுபோயின. அதனால் தாம் இருக்கும் இடம் நிச்சயமாகத் தெரியாமற் போயிற்று. பிரான்ஸ் ஜோஸப் பூமியைப் பற்றிய படமோ பிழை மலிந்தது. நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று மற்ற நாய்களுக்கு இரையிட்டு, ஆகஸ்டு மாதம் பனியின் ஓரத்தை அடைந்து, திறந்த கடலைக் கண்டனர்.

அங்கேதான் காட்தாபில் கழிந்த குளிர்காலத்தின் பயன் தெரிந்தது. இரண்டு கயாக்குகளையும் சேர்த்துப் பிணைத்துப் பாய் கட்டினர். கரை நெடுக நீலநிறப் பனியாறுகள். மனிதர் எவரும் இலர். இறங்க இடமும் அரிது. ஆகஸ்டு கடைசியில் வழி அடைபடவே, ஒரு தீவின் கரையில் தங்கினர். நிலத்தைத் தோண்டி, கல்லடுக்கி, ஒதுங்கிய மரமொன்றை உத்தரமாக்கி, வால்ரஸ் தோலைக் கூரையாக விரித்தனர். கரடி மாமிசமே உணவு, கொழுப்பே விளக்கு. ஒரே பையில் படுத்து, நாளில் இருபது மணி வரையிலும் உறங்கி, எட்டு மாதத்துக்கு மேல் கழித்தனர். இவ்வளவிலும் நான்ஸனின் உடல் எடை கூடியதேயன்றிக் குறையவில்லை. நகரவாசியின் உணவை நம்பியிருந்தால் இருவரும் மாண்டிருப்பர். இன்யூயிட் மக்கள் வாழும் முறையே அவர்களைக் காத்தது.

1896 மே 19ஆம் தேதி மீண்டும் புறப்பட்டனர். ஜூன் 12ஆம் தேதி பனி மேட்டின் மேலேறி வழி பார்த்து நிற்கையில், கயாக்குகளைக் கட்டியிருந்த வார் அறுந்து, அவை கடலில் விலகிச் செல்வதைக் கண்டனர். உணவு, துப்பாக்கி, தோட்டா யாவும் அவற்றிலே இருந்தன. நான்ஸன் கடிகாரத்தை யோஹான்ஸன் கையில் கொடுத்து, சில உடைகளைக் களைந்து, பனிநீரில் குதித்து நீந்தினார். கை கால் மரத்துப்போகும் தருணத்தில் விளிம்பைப் பற்றி எப்படியோ ஏறிவிட்டார். குளிரால் நடுங்கிக்கொண்டு திரும்புகையில் எதிரே இரண்டு கடற்பறவைகள் தென்பட, துப்பாக்கியை எடுத்து அவற்றை இராச்சாப்பாட்டுக்குச் சுட்டார். உயிர் பிழைத்த அடுத்த நிமிஷத்திலேயே சாப்பாட்டை நினைத்த அந்த மனநிலையைக் குதித்த துணிவைக் காட்டிலும் நாம் பெரிதாக மதிக்கிறோம். பின்னும் சில தினங்களில் வால்ரஸ் ஒன்று அவருடைய கயாக்கைத் தாக்கிக் கிழித்தது. அமிழுமுன் பனிக்கரையை எட்டி, அதைச் செப்பனிடுவதற்காக அங்கே தங்கினர். அவ்வாறு தங்கியதனாலேயே ஜூன் 17ஆம் தேதி நாய் குரைக்கும் ஓசை அவர் செவியில் விழுந்தது. பிரெடெரிக் ஜாக்ஸன் என்னும் ஆங்கிலேயரின் முகாம் அருகே இருந்தது! ஆகஸ்டு 13ஆம் தேதி நார்வே சேர்ந்தனர். ஒரு வாரத்துக்குள் பிராமும் பனியினின்று விடுபட்டுத் திரும்பியது. பதின்மூவரில் ஒருவரும் இறக்கவில்லை.

தலைவன் தன் கப்பலையும் ஆட்களையும் விட்டுப் போனது முறையா என்று, அமெரிக்கத் துருவப் பிரயாணி கிரீலி என்பார் அவர்மேல் குற்றம் சாட்டினார். இக்குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிடலாகாது. நான்ஸன் பக்கத்துக்குச் சொல்லக்கூடியது இது: கப்பல் உறுதியாயிருந்தது, உணவு நிறைந்திருந்தது, தகுதியுள்ளவரிடம் ஒப்புவிக்கப்பட்டது, அபாயமான பங்கைத் தாமே மேற்கொண்டார். ஆயினும் அவர் குறையற்றவரல்லர். கப்பலிலே பிறரோடு கலந்து பழகாமல் ஒதுங்கிய சுபாவமுடையவர். ஒரே பையிற் படுத்த யோஹான்ஸனோடு மரியாதைப் பன்மையை விட்டு ‘நீ’ என்று பேசத் தொடங்கியதே அக்குளிர்காலத்துப் புது வருஷத்தன்றுதான் என்பர். கூடச் செல்வதற்காகப் பிராமில் நெருப்புத் தள்ளும் வேலையையும் ஏற்று வந்த அந்த யோஹான்ஸன், பிற்காலத்தில் மனமுடைந்து 1913இல் தம்மையே மாய்த்துக்கொண்டார். புகழின் பெரும் பங்கு ஒருவருக்கே போய்ச் சேர்ந்தது. தலைவர்களின் சரிதத்தைப் படிப்போர் கூடச் சென்றவர்களின் முடிவையும் படிக்க வேண்டும்.

நார்வே 1814 முதல் ஸ்வீடன் அரசருக்குக் கீழ்ப்பட்டிருந்தது. 1905இல் பிரிவினைக் கிளர்ச்சி முற்றிய காலையில், நான்ஸன் தம் கீர்த்தியைத் தேசத்தின் சேவையில் வைத்தார். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் நார்வேயின் வழக்கை நிதானமாக எடுத்துரைத்தார். டென்மார்க் இளவரசர் நார்வேயின் சிம்மாதனத்தை ஏற்கும்படி பேசித் திருப்பினார். யுத்தமின்றியே பிரிவினை முடிந்தது. 1906 முதல் 1908 வரை லண்டனில் முதல் நார்வே ஸ்தானிகராயிருந்தார்.

முதல் மகாயுத்தத்தின் பின், சர்வதேச சங்கம் அவரை அழைத்தது. 1920 முதல் 1922 வரை நான்கு லக்ஷத்துக்கு மேற்பட்ட யுத்தக் கைதிகளை அவர் தத்தம் நாடு சேர்ப்பித்தார். 1921இல் ரஷ்யப் பஞ்சத்துக்கு உதவும்படி சங்கத்தை வேண்டினார். அரசாங்கங்கள் கையை விரித்தன. தனியாரிடம் பணம் சேர்த்து வேலையை நடத்தினார். சட்டம் பயின்ற நமக்கு அவர் செய்த மற்றொரு காரியம் விசேஷமாகத் தோன்றுகிறது. குடியுரிமை இழந்தவனுக்குப் பாஸ்போர்ட்டு இல்லை, அஃதில்லாதவன் எந்த எல்லையையும் தாண்ட இயலாது, தாண்டினாற் குற்றவாளி, தாண்டாவிடிற் பட்டினி. இச்சிக்கலுக்கு நான்ஸன் சட்டப் புரட்சியொன்றும் தேடவில்லை. 1922இல் ஜினீவாவில் பல அரசாங்கங்களை இசைவித்து, ஒரு சான்றுத் தாளை உண்டாக்கினார். ஐம்பதுக்கு மேற்பட்ட தேசங்கள் நாளடைவில் அதை ஒப்புக்கொண்டன. சங்கீத வித்வான் ஸ்ட்ராவின்ஸ்கியும் சித்திரக்காரர் ஷகாலும் அதை வைத்திருந்தோரில் சேர்ந்தவர்கள். அவ்வருஷமே அவருக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. ஆர்மீனியருக்காகக் கடைசி வரை உழைத்து, 1930 மே 13ஆம் தேதி காலமானார். நார்வேயின் அரசியல் சாஸன தினமாகிய மே 17இல் அவருடைய ஈமக்கடன் நடந்தது.

மூங்கிற் சட்டத்தின் மேல் ஒரு துணி; கடலுக்கும் மனிதனுக்கும் இடையே அவ்வளவே. எல்லைக் காவலுக்கும் அகதிக்கும் இடையே ஒரு காகிதம், அதுவும் அவ்வளவே. இரண்டும் பார்வைக்கு அற்பமானவை. எங்கே கிழியும், எங்கே தாங்கும் என்றறிந்து கட்டினமையால் உயிரைச் சுமந்தன. அறியாதாரென்று உலகம் இகழ்ந்தவரிடம் சென்று கற்பதற்கு நான்ஸன் வெட்கப்படவில்லை. அப்படிக் கற்றதே அவருடைய உயிரைக் காத்தது. திரும்பிவரும் வழியை அடைத்துவிட்டுப் புறப்பட நம்மவரில் துணிவுடையோர் பலர் உளர். அதற்கு முன் ஒரு குளிர்காலம் முழுவதும் பிறர் குடிசையில் அமர்ந்து பாடம் கேட்கப் பொறுமையுடையோர் எத்தனை பேர் என்பதை நேயர்கள் தத்தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்வார்களாக.