மெரினாவுக்கு இந்தக் குவிமாடங்கள் வந்தது எப்படி? யார் இந்த ராபர்ட் சிசோம்?

மெரினா கடற்கரைச் சாலையில் மாநிலக் கல்லூரியையும் செனட் ஹவுஸையும் பார்க்காமல் யாரும் போக முடியாது. ஒன்றில் இத்தாலிய வாடை. இன்னொன்றில் மூலைக்கு மூலை கோபுரம், அதன் தலையில் வெங்காய வடிவக் குவிமாடம். ஆனா ரெண்டையும் வரைஞ்சது ஒரே ஆள்தான்: ராபர்ட் ஃபெல்லோஸ் சிசோம்.

1840-ல் லண்டனில் பிறந்தவர். கல்கத்தா பக்கம் பொதுப்பணித் துறையில் இருந்தவர், மெட்ராஸ் அரசு நடத்திய வடிவமைப்புப் போட்டியில் ஜெயித்து இங்கே வந்தார். மாநிலக் கல்லூரி 1870-ல் முடிந்தது. செனட் ஹவுஸ் வேலை 1874-ல் ஆரம்பித்து 1879-ல் முடிந்தது. நடுவில் என்ன மாறியது?

பக்கத்திலேயே நிற்கும் சேப்பாக்கம் அரண்மனைதான் முக்கியக் காரணம். ஆற்காடு நவாப் கட்டிய அந்த மாளிகை 1855-ல் அரசின் கைக்குப் போனது. அதை அலுவலகங்களுக்காக விரிவாக்கும் வேலை சிசோமிடம் வந்தது. புதுசா கட்டுறது பழசோட ஒட்டணுமே! மதுரை திருமலை நாயக்கர் மகாலைப் பழுது பார்க்கும் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தது. அந்த மகாலே இஸ்லாமிய வளைவுகளும் தமிழ்நாட்டுச் சுதை வேலையும் சேர்ந்ததுதான். அதாவது, வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே இங்கே கலப்பு நடந்திருந்தது.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு, முகலாயர் இடத்தில் தங்களை வைத்துக் காட்டும் கணக்கும் ஆங்கிலேய அரசுக்கு இருந்தது. அதனால் குவிமாடம் எங்கே போனாலும் செல்லுபடியானது. சிசோம் அதோடு நிற்கவில்லை. திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகத்துக்குக் கேரளத்தின் சரிவுக் கூரையைப் போட்டார். மழை கொட்டும் ஊருக்கு அதுதான் சரி.

வரைபடம் அவருடையது. ஆனா சுண்ணாம்பு அரைத்ததும் வளைவை நிறுத்தியதும் உள்ளூர் கொத்தனார்கள். பெயர் நின்றது ஒருத்தருக்கு மட்டும்தான்.

பரோடா லட்சுமி விலாஸ் அரண்மனையை வடிவமைத்த சார்லஸ் மான்ட் 1881-ல் இறந்துவிட, மீதி வேலையை முடித்துக் கொடுத்ததும் சிசோம்தான். பிறகு லண்டன் திரும்பி, ஸ்லோன் டெரஸில் பைசாண்டியப் பாணியில் ஒரு தேவாலயம் கட்டினார். 1915-ல் காலமானார். 1907-ல் திறக்கப்பட்ட அந்தத் தேவாலயம், இப்போ காடகன் ஹால் என்ற இசை அரங்கம்.