மின் யுகத்தின் வாயிலைத் திறந்த மைக்கல் பரடே

1990களில் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரம் இன்றி இருண்டிருந்த காலத்தில், துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுழற்றி, டைனமோவிலிருந்து கிடைத்த மின்னைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்ட வீடுகள் ஏராளம். பற்றரிகளும் எரிபொருளும் கிடைத்தற்கரியனவாக இருந்த அந்நாளில், வெளியுலகோடு மக்களை இணைத்து வைத்தது அந்தச் சிறிய கருவியே. அதனுள்ளே இருந்தவை ஒரு காந்தமும் ஒரு செப்புக் கம்பிச் சுருளும் மாத்திரமே. காந்தம் சுழலும்போது சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. பேரணைகளின் கீழ் இயங்கும் இராட்சத மின்பிறப்பாக்கிகளும் இதே தத்துவத்திலேயே இயங்குகின்றன. இத்தத்துவத்தை 1831 ஆம் ஆண்டில் உலகுக்கு வெளிப்படுத்தியவர், ஒழுங்கான பாடசாலைக் கல்வி தானும் பெறாத, புத்தகம் கட்டும் தொழில் பயின்ற ஓர் ஏழை இளைஞர். அவரே மைக்கல் பரடே ஆவார்.

1791 செப்டெம்பர் 22 ஆம் திகதி இலண்டன் மாநகரின் தென்புறத்திலே, நோயாளியான ஒரு கொல்லரின் மகனாகப் பரடே பிறந்தார். குடும்பத்தை வறுமை வாட்டியது. ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்த காலத்தில் ஒரு பாண் அவரது ஒரு வாரத்துக்கான உணவாக இருந்ததென அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். எழுத்து, வாசிப்பு, சிறிதளவு கணக்கு என்பவற்றுடன் அவரது பள்ளிப்படிப்பு நிறைவுற்றது. பதின்மூன்று வயதில் ஜோர்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் ஏவல் பையனாகச் சேர்ந்தார். 1805 இல் அங்கேயே புத்தகம் கட்டும் தொழிலுக்கான ஏழாண்டுப் பயிற்சியில் அமர்ந்தார்.

கட்டுவதற்கென வந்த நூல்களைப் பரடே வெறுமனே கட்டி அனுப்பிவிடவில்லை, அவற்றை வாசித்தார். பிரித்தானியக் கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் என்ற பெண்மணி சாதாரண வாசகருக்கென எழுதிய இரசாயனவியல் உரையாடல் நூலும் அவரை ஆட்கொண்டன. வாசித்ததை அப்படியே நம்பிவிடாது, கையிலிருந்த சில்லறைக் காசுக்கு வாங்கிய பொருட்களைக் கொண்டு தாமே பரிசோதித்துப் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்காத பழக்கம் இது.

1812 ஆம் ஆண்டில் கடைக்கு வந்துபோகும் வாடிக்கையாளர் ஒருவர், புகழ்பெற்ற இரசாயனவியலாளரான ஹம்பிரி டேவியின் விரிவுரைகளுக்கான நுழைவுச்சீட்டுகளைப் பரடேக்கு வழங்கினார். நான்கு விரிவுரைகளைக் கேட்ட அவ்விளைஞர், குறிப்புகளை விரித்தெழுதி, படங்கள் வரைந்து, தம் கையாலேயே அழகுறக் கட்டி, வேலை கேட்கும் கடிதத்துடன் டேவிக்கு அனுப்பி வைத்தார். உடனடியாக வேலை கிடைக்கவில்லை. எனினும், சில மாதங்களில் றோயல் நிறுவனத்தின் ஆய்வுகூட உதவியாளர் கைகலப்பு ஒன்றின் காரணமாகப் பணிநீக்கம் செய்யப்படவே, 1813 மார்ச் முதலாம் திகதி அவ்விடத்துக்குப் பரடே நியமிக்கப்பட்டார்.

அதே ஆண்டின் இறுதியில் டேவி தம்பதியினருடன் ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டார். நெப்போலியனுடன் பிரித்தானியா போர் புரிந்துகொண்டிருந்த காலம் அது. டேவியின் பணியாள் கூடவர மறுத்துவிட்டமையால் அவ்வேலையும் பரடேயின் தலையில் விழுந்தது. டேவியின் மனைவி அவரை ஒரு வேலைக்காரனாகவே நடத்தினார். மனம் நொந்த பரடே திரும்பிவிடவும் எண்ணினார். ஆயினும், அப்பயணமே அவரது பல்கலைக்கழகமாக அமைந்தது. பரிஸில் அயடீன் பற்றிய ஆய்வைக் கண்டார். மிலானில் மின்கலத்தை ஆக்கிய வோல்ட்டாவைச் சந்தித்தார்.

1820 இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஏர்ஸ்ரெட், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டறிந்தார். மறுவருடம் செப்டெம்பரில், மின்னோட்டம் பாயும் கம்பி காந்தமொன்றைச் சுற்றித் தொடர்ச்சியாகச் சுழலும்படி பரடே செய்து காட்டினார். இன்றைய மின்விசிறி, நீரிறைக்கும் இயந்திரம், மின்சார வாகனம் யாவற்றிலும் உள்ள மோட்டாரின் மூதாதை அதுவே. ஆனால், அவ்வெற்றி அவருக்கு அவப்பெயரையும் தேடித்தந்தது. அத்துறையில் முன்பே முயன்றிருந்த வொலஸ்ரனின் பெயரைத் தமது கட்டுரையில் அவர் குறிப்பிடத் தவறியமையால், கருத்துத் திருட்டுக் குற்றச்சாட்டு எழுந்தது. 1823 இல் றோயல் சங்கத்தின் உறுப்புரிமைக்கு அவரது பெயர் முன்மொழியப்பட்டபோது, அதனை எதிர்த்தவர் அச்சங்கத்தின் தலைவராக இருந்த டேவியே. எனினும், ஒரேயொரு எதிர்ப்பு வாக்குடன் பரடே தெரிவானார். அதன் பின்னரும் தம் ஆசானை அவர் இகழ்ந்துரைத்ததில்லை.

மின்னோட்டம் காந்தத்தை உண்டாக்குமாயின், காந்தம் ஏன் மின்னோட்டத்தை உண்டாக்கக்கூடாது? இவ்வினாவுக்கான விடையை அவர் பத்தாண்டு காலம் தேடினார். 1831 ஓகஸ்ட் 29 ஆம் திகதி, இரும்பு வளையமொன்றின் இரு பக்கங்களிலும் இரண்டு கம்பிச் சுருள்களைத் தனித்தனியே சுற்றி, ஒன்றை மின்கலத்துடன் இணைத்தார். மற்றையதன் அருகிலிருந்த காந்த ஊசி ஒரு கணம் அசைந்து, பின்னர் நின்றுவிட்டது. மின்கலத்தைத் துண்டித்தபோது மறுபடியும் ஒரு கணம் அசைந்தது. அந்தக் கண நேர அசைவிலேதான் உண்மை ஒளிந்திருந்தது. காந்தம் இருப்பது போதாது. அது மாற வேண்டும், அல்லது அசைய வேண்டும். முன்னர் முயன்றோர் நிலையானதொரு விளைவை எதிர்பார்த்தமையாலேயே இதனைத் தவறவிட்டனர். அக்டோபர் மாதத்தில், காந்த முனைகளுக்கிடையே செப்புத் தட்டொன்றைச் சுழற்றித் தொடர்ச்சியான மின்னோட்டத்தைப் பெற்றார். முதலாவது மின்பிறப்பாக்கி இவ்வாறே உருவாயிற்று.

அவரது இரும்பு வளையமே மின்மாற்றியின் முன்னோடியாகும். கைத்தொலைபேசியைக் கம்பியின்றி மின்னேற்றும் தட்டும், சட்டியை மாத்திரம் சூடாக்கும் தூண்டல் அடுப்பும் அதே கோட்பாட்டின் புதிய வடிவங்களே. இலக்சபானவில் நீரும், நுரைச்சோலையில் நிலக்கரியின் வெப்பம் தரும் நீராவியும், மன்னாரில் காற்றும் செய்வது சுழற்றும் வேலையை மாத்திரமே. மின்னைப் பிறப்பிப்பது மின்காந்தத் தூண்டலே. சூரியப் படலங்கள் மாத்திரம் இதற்கு விதிவிலக்காகும்.

இத்தத்துவத்துக்கு மறுபக்கமும் உண்டு. சூரியனிலிருந்து வெடித்துக் கிளம்பும் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தை உலுக்கும்போது, நீண்ட மின்கம்பிகளில் வேண்டாத மின்னோட்டம் தூண்டப்படுகிறது. 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஏறத்தாழ அறுபது இலட்சம் மக்கள் பல மணி நேரம் இருளில் மூழ்கியது இதனாலேயே. 2024 மே மாதத்தில் இரண்டு தசாப்தங்களில் காணாத பலமான காந்தப்புயல் வீசியபோது, மின்வலையமைப்புகளை நடத்துவோர் விழிப்புடன் இருக்க நேர்ந்ததும் இதே காரணத்தினாலாகும்.

பரடேயின் ஏனைய கண்டுபிடிப்புகளும் ஒரு சாதாரண வாழ்நாளுக்குள் அடங்குவன அல்ல. 1823 இல் குளோரீன் வாயுவைத் திரவமாக்கினார். 1825 இல் பென்சீனைப் பிரித்தெடுத்தார். மின்பகுப்பின் விதிகளை வகுத்தார். அயன், அனோட்டு, கதோட்டு ஆகிய சொற்கள் அக்காலத்திலேயே விஞ்ஞான வழக்கில் புகுந்தன. 1836 இல் உலோகக் கூண்டொன்றுக்குள் தாமே புகுந்து, வெளியே பாய்ச்சப்பட்ட மின்னேற்றம் உள்ளே எவ்விதத் தாக்கமும் ஏற்படுத்தாதென நிரூபித்தார். மின்னல் வேளையில் மூடிய மோட்டார் வாகனத்தினுள் இருப்போர் காக்கப்படுவதற்கு அதன் உலோக உடலே காரணம் என்பதை இப்பரிசோதனை விளக்குகிறது. 1850களில் பொன்னை மிக நுண்ணிய துகள்களாக நீரில் பரவச் செய்து, அது மாணிக்கச் சிவப்பாக மாறுவதையும், துகளின் பருமனுக்கேற்ப நிறம் வேறுபடுவதையும் ஆராய்ந்தார். கொவிட் தொற்றுக் காலத்தில் நாம் கண்ட விரைவுப் பரிசோதனைப் பட்டைகள் பலவற்றில் தோன்றிய செந்நிறக் கோடு, அத்தகைய பொன் நுண்துகள்களாலானதே.

உயர் கணிதம் அவருக்குத் தெரியாது. சமன்பாடுகளுக்குப் பதிலாக, காந்தத்தைச் சுற்றி இரும்புத் தூள் வரையும் கோடுகளை மனக்கண்ணால் கண்டார். வெளி என்பது வெறுமை அன்று. அது விசைக்கோடுகளால் நிரம்பியது என்பது அவரது துணிபு. 1845 இல் காந்தம் ஒளியின் முனைவாக்கத் தளத்தைத் திருப்புவதைக் கண்டு, ஒளிக்கும் காந்தத்துக்கும் உறவுண்டெனக் காட்டினார். அக்காலத்து அறிஞர் பலர் விசைக்கோடுகளைப் பொருட்படுத்தவில்லை. ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் என்ற இளம் கணித மேதை அவற்றுக்குக் கணித வடிவம் கொடுத்து, ஒளியும் ஒரு மின்காந்த அலையே என்ற முடிவுக்கு வந்தார். வானொலியும் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் அம்முடிவின் விளைவுகளே.

ஆய்வுகூடத்தின் நான்கு சுவர்களுக்குள் ஒடுங்கிக் கிடந்தவராக அவரைக் கருதுவது தவறாகும். 1844 இல் ஹஸ்வெல் நிலக்கரிச் சுரங்க வெடிப்பில் 95 பேர் மாண்டபோது, அரசாங்கத்தின் சார்பில் விசாரிக்கச் சென்ற அவரும் புவியியலாளர் லயலும், வாயு மாத்திரமன்றி நிலக்கரித் தூளும் வெடிப்புக்கு வலுவூட்டியதென அறிக்கையிட்டனர். அவ்வெச்சரிக்கை நெடுங்காலம் போதிய கவனம் பெறாது கிடந்தது. 1855 இல் தேம்ஸ் நதியில் வெண்ணிறக் காகித அட்டைத் துண்டுகளை இட்டு, அவை ஓரங்குலம் தாழுமுன்னரே கண்ணுக்கு மறைந்துவிடுவதைக் கண்டு, நதி சாக்கடையாகிவிட்டதெனப் பத்திரிகைக்கு எழுதினார். மூன்று ஆண்டுகளின் பின், 1858 கோடையில் எழுந்த துர்நாற்றம் நாடாளுமன்றத்தையே திணறடித்த பிறகுதான் பாரிய கழிவுநீர்க் கால்வாய்த் திட்டத்துக்கு வழி பிறந்தது.

ஆவிகள் மேசையை நகர்த்துகின்றன என்ற நம்பிக்கை 1853 இல் இலண்டன் எங்கும் பரவியிருந்தது. பரடே அதனை ஏளனம் செய்துவிட்டு வாளாவிருக்கவில்லை. கைகளுக்கும் மேசைக்கும் இடையே எளிய கருவியொன்றை வைத்து, மேசை நகருமுன் கைகளே அதனைத் தள்ளுகின்றன என்பதையும், தள்ளுவோர் தாம் தள்ளுவதை அறியாதிருக்கின்றனர் என்பதையும் புலப்படுத்தினார். ஆழ்ந்த மதப்பற்றுடைய ஒருவரே மூடநம்பிக்கையை இவ்வாறு சோதித்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

சிறுவர்களுக்கான நத்தார் கால விரிவுரைகளைப் பத்தொன்பது தடவைகள் அவர் நிகழ்த்தினார். 1860 இன் முடிவில் தொடங்கிய இறுதித் தொடரில் அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மெழுகுதிரி மாத்திரமே. உருகிய மெழுகு திரியினூடே ஏறி ஆவியாகியே எரிகிறது. சுடரின் மஞ்சள் ஒளி, வெப்பத்தால் ஒளிரும் காபன் துணிக்கைகளால் வருகிறது. எரிவதன் பயனாக நீரும் காபனீரொட்சைட்டும் உண்டாகின்றன. நாம் சுவாசிக்கும்போது உடலில் நிகழ்வதும் இதற்கு ஒப்பானதே. இவற்றையெல்லாம் பிள்ளைகளின் கண்முன்னே செய்து காட்டினார். அக்கிறிஸ்மஸ் விரிவுரைகள் அதே நிறுவனத்தில் இன்றும் தொடர்கின்றன.

தம் கண்டுபிடிப்புகளுக்கு அவர் காப்புரிமை தேடவில்லை. 1857 இல் றோயல் சங்கத்தின் தலைவர் பதவி வலிய வந்தபோதும் ஏற்கவில்லை. நினைவாற்றல் குன்றி, உடல் தளர்ந்து, 1867 ஓகஸ்ட் 25 ஆம் திகதி அவர் காலமானார். அவரது விருப்பப்படியே வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அன்றி, ஹைகேற் மயானத்தில் எளிமையாக அடக்கம் செய்யப்பட்டார்.

அவரது வாழ்வை ஏழை ஒருவரின் முயற்சிக்குக் கிடைத்த வெற்றியென்று மாத்திரம் சொல்லி முடித்துவிடுவது போதாது. வாசிக்க அனுமதித்த ஒரு கடைக்காரர், சாதாரண மக்களுக்காக எழுதப்பட்ட ஒரு நூல், நுழைவுச்சீட்டுக் கொடுத்த ஒரு வாடிக்கையாளர், புதியவனுக்குக் கதவைத் திறந்த ஒரு ஆய்வுகூடம் - இவற்றில் ஒன்று தவறியிருப்பினும் பரடே புத்தகம் கட்டுபவராகவே மறைந்திருப்பார். நமது கிராமங்களிலும் தோட்டப்புறங்களிலும் அத்தகைய பிள்ளைகள் இல்லையென எவரும் கூறிவிட முடியாது. நூலகமும், தாய்மொழியில் நல்ல விஞ்ஞான நூலும், விடைகளை மனனஞ் செய்விப்பதற்குப் பதிலாகப் பரிசோதனை செய்யவிடும் வகுப்பறையும் அவர்களைச் சென்றடைகின்றனவா என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

1862 மார்ச் 12 ஆம் திகதி பரடே தமது ஆய்வுக் குறிப்பேட்டில் இறுதிப் பரிசோதனையை எழுதினார். காந்தம் சுடரின் நிறமாலையை மாற்றுமா என்பதே அவர் தேடியது. எவ்வித மாற்றமும் தென்படவில்லை. அதை அப்படியே பதிவு செய்தார். முப்பத்து நான்கு ஆண்டுகளின் பின்னர், 1896 இல், ஒல்லாந்தைச் சேர்ந்த பீற்றர் சீமன் மேலும் நுண்ணிய கருவிகளைக் கொண்டு அதே பரிசோதனையைச் செய்து அந்த மாற்றத்தைக் கண்டார். 1902 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்று சூரியப் புள்ளிகளின் காந்தப்புலத்தை அளப்பதற்கும், வரவிருக்கும் காந்தப்புயலை முன்னறிவதற்கும் உதவுவது, அம்முதியவர் கண்டடையாது போன அந்த மாற்றமே.