அருகிருந்த அழகைக் கண்டவர்

சேய்மையில் உள்ளதை வியந்து நோக்குவதும், அண்மையில் உள்ளதைப் பொருட்படுத்தாது கடந்து செல்வதும் மக்கள் இயல்பு. சென்னைக்கு மேற்கே, நெமிலிச்சேரி நிலையத்தில் நாள்தோறும் வண்டிக்குக் காத்திருக்கும் மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். கூடை சுமந்து வரும் மூதாட்டியையும், இருப்புப்பாதையின்மேல் சாயும் மாலை வெயிலையும் அவன் நூறு முறை பார்த்திருப்பான். ஒருமுறையேனும் கண்டிருப்பானோ என்பது ஐயமே. பார்த்தல் வேறு, காணுதல் வேறு. இவ்வேறுபாட்டைத் தம் நிழற்படங்களால் உணர்த்திய கலைஞர் ஒருவர் நம் அண்டை நாடாகிய இலங்கையில் வாழ்ந்தார். அவரே லயனல் வெண்ட் என்பார்.

வெண்ட் 1900ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 3ஆம் நாள் கொழும்பு நகரில் பிறந்தார். தந்தையார் ஹென்றி லொரென்ஸ் வெண்ட், பறங்கியர் என்று இலங்கையில் வழங்கப்பெறும் ஐரோப்பிய வழித்தோன்றல்களுள் ஒருவர். அந்நாட்டு உச்சநீதிமன்றத்தில் நீதிபதியாய் வீற்றிருந்தவர். ஓய்வு வேளையில் நிழற்படம் எடுத்து மகிழும் வழக்கமும் அவர்க்கு உண்டு. தாயார் அமீலியா டி சேரம் என்னும் அம்மையார். தந்தையார் 1911இல் மறைந்தபொழுது வெண்ட் சிறுவராய் இருந்தார்.

செல்வக் குடியிற் பிறந்த வெண்ட் 1919இல் இங்கிலாந்து சென்று, ஒருபால் சட்டமும் மற்றொருபால் பியானோ இசையும் பயின்றார். 1924இல் தாயகம் திரும்பிச் சிறிது காலம் வழக்கறிஞராய்ப் பணிபுரிந்தார். ஆயினும் அவர் உள்ளம் வழக்குமன்றத்தில் தங்கவில்லை. பொருளீட்டும் தொழிலை விடுத்து இசையைப் பற்றினார். மேடைகளில் பியானோ வாசித்தும், பிறர்க்குக் கற்பித்தும் நற்பெயர் பெற்றார்.

அக்காலத்தில் இலங்கை ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. ஆங்கிலம் கற்றோருட் பலர், கலை என்பது ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வருவது என்று எண்ணியிருந்தனர். வெண்டும் ஐரோப்பியப் புதுமைகளை நன்கு கற்றவரே. அவர்தம் நூற்செல்வம் மிகப் பெரிது. 1929ஆம் ஆண்டளவில் சிலி நாட்டுக் கான்சலாய்க் கொழும்பில் தங்கியிருந்த பாப்லோ நெருடா, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கவிஞர், வெண்டிடமிருந்து நூல்களைப் பெற்றுப் படித்து வந்தார். ஆயினும், வெளிநாட்டுக் கல்வி வெண்டின் கண்களை மறைத்துவிடவில்லை. தம் நாட்டை நோக்கும் ஆற்றலையே அவர்க்குத் தந்தது. நண்பர் ஜார்ஜ் கீற்று இலங்கையின் வாழ்வைத் தூரிகையால் தீட்டிக் கொண்டிருந்தார். வெண்டோ, 1930களின் தொடக்கத்தில், நிழற்படக் கருவியைக் கையில் எடுத்தார்.

இலங்கையைக் காட்டும் படங்கள் அதற்கு முன்னும் இல்லாமல் இல்லை. அயல்நாட்டுப் பயணிகளுக்கு விற்பதற்கென்றே படக்கடைக்காரர்கள் அஞ்சலட்டைகளை அச்சிட்டு வந்தனர். அவற்றில் மனிதர்கள் காட்சிப் பொருள்களாய் நிறுத்தப்பட்டிருந்தனர். வெண்டின் படங்களோ வேறு வகையின. வயலில் உழைப்போர், கடற்கரையில் மீனவர், தென்னையின் நிழல், கண்டி நடனமாடுவோர், பழைய கோயில்களின் சிலைகள் ஆகிய எல்லாம் அவர்க்குப் பொருளாயின. இவற்றுள் ஒன்றேனும் அந்நாட்டார் அறியாத புதுமையன்று. ஆயினும், பக்கவாட்டில் விழும் வெளிச்சம் ஒரு தோளை விளக்க, ஆழ்ந்த நிழல் மற்றொன்றை மறைக்க, எளிய உழைப்பாளியின் உருவம் பண்டைச் சிற்பம்போல் பெருமிதத்தோடு நிற்பதை அப்படங்களிற் காணலாம். வேண்டாதவற்றை விலக்கி வேண்டியதை நிறுத்தும் இந்நடையே அவர்தம் தனிநடை ஆயிற்று.

நிழற்படம் கருவி எடுப்பதுதானே, அதில் மனிதன் செய்வது யாது என்று சிலர் வினவலாம். அதற்கு விடை இருட்டறையில் உள்ளது. அந்நாளில் நிழற்படக் கருவி தருவது நெகடிவ் என்னும் மூலப்படம் மட்டுமே. அதில் வெளிச்சம் கருமையாகவும், இருள் தெளிவாகவும் பதிந்திருக்கும். அதனூடே ஒளியைச் செலுத்தி, பூச்சுத் தாளிற் படியச் செய்து, மருந்து நீரில் தோய்த்த பின்னரே நாம் காணும் படம் பிறக்கும். எவ்வளவு ஒளி, எவ்வளவு நேரம், எப்பகுதியை இருட்டுவது, எப்பகுதியை விளக்குவது என்பனவற்றைக் கருவி அறியாது; கலைஞனே அறிவான். வெண்ட் இப்பணியைப் பிறரிடம் ஒப்படையாது தாமே செய்தார். மருந்து நீரில் படம் உருவாகும்போதே சற்று ஒளிபடச் செய்து, உருவத்தின் ஓரங்களிற் கோடு தோன்றச் செய்யும் அரிய முறையையும், பல மூலப்படங்களை ஒரே தாளில் இணைக்கும் முறையையும் முயன்று பார்த்தார்.

தாம் கற்றதைத் தம்மளவில் வைத்துக்கொள்ளும் குறுகிய மனம் அவர்க்கு இல்லை. 1934இல் நண்பர்களோடு கூடி இலங்கை நிழற்படச் சங்கத்தை நிறுவினார். அதே ஆண்டில், இலங்கையின் வாழ்வைத் திரைப்படமாக்க வந்த பாசில் ரைட் என்னும் ஆங்கிலேயர்க்கு உற்ற துணையாய் நின்றார். இலங்கையின் பாடல் எனப் பொருள்படும் அப்படத்தின் விளக்கவுரையைப் படித்தளித்த குரலும் வெண்டின் குரலே. 1938இல் இலண்டன் மாநகரில் அவர் படங்கள் மட்டுமே கொண்ட கண்காட்சி நிகழ்ந்தது. 1943இல் புதுமை ஓவியர்கள் ஒன்றுகூடி அமைத்த நாற்பத்துமூன்றாம் ஆண்டுக் குழு உருப்பெறுவதற்கும் அவரே முன்னின்றார்.

அக்குழு தோன்றி ஈராண்டு நிறைவதற்குள், 1944 டிசம்பர் 19ஆம் நாள், நாற்பத்து நான்காம் அகவையில் வெண்ட் மறைந்தார். அவர் நிழற்படக்கலையில் முனைந்து உழைத்த காலம் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளே. அவர் மறைவுக்குப் பின் மற்றோர் இழப்பும் நேர்ந்தது. அவர் எடுத்த மூலப்படங்கள் அழிக்கப்பட்டன. மூலப்படம் அழிந்தால் அதிலிருந்து புதுப்படி எடுத்தல் இயலாது. வித்து அழிந்த பயிருக்கு அது நேர். எனினும் அவர் புகழ் அழிந்திலது. ஏன்? ஒவ்வொரு படத்தையும் இருட்டறையில் இருந்து தம் கையாலேயே முற்றுவித்து வைத்திருந்தார் அன்றோ? பின்னர்ச் செய்துகொள்ளலாம் என்று மூலப்படங்களோடு அவர் நின்றிருப்பாராயின், இன்று நாம் காண ஒன்றும் எஞ்சியிராது. செய்வதை அப்பொழுதே திருந்தச் செய்த பண்பே அவர் கலையைக் காத்தது. எஞ்சிய படங்களுட் பல 1950இல் இலண்டனில் நூலாக வெளிவந்தன. கொழும்பில் அவர் வாழ்ந்த இடத்தில், 1953இல், அவர் பெயரால் கலையரங்கம் ஒன்று திறக்கப்பட்டது.

இன்று கைப்பேசி வைத்திருப்போர் அனைவரிடத்தும் நிழற்படக் கருவி உண்டு. ஒரு நொடியில் பத்துப் படம் எடுத்தல் எளிது. ஒரு படத்தை எடுக்குமுன் பத்து நொடி நின்று காணுதல் அரிது. மாணவர்களே, உங்கள் ஊர் நிலையத்தில் அடுத்த முறை வண்டி காலந்தாழ்த்து வருமாயின், வருந்தாதீர். கூடையை இறக்கி வைத்து இளைப்பாறும் மூதாட்டியின் கையையும், அக்கையின்மேல் விழும் வெயிலையும் சற்று நின்று காணுங்கள். வெண்ட் தொடங்கியதும் அவ்வாறே அருகிருந்த பொருள்களிலிருந்துதான்.