பொதுக் கிணற்று உரிமையைச் சட்டமன்றத்தில் கேட்டவர்

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு நல்ல தண்ணீரின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாத்தி நிறைய நிற்பது உப்பு நீர். குடிக்கும் தண்ணீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். அந்தக் குடிநீர் ஊரில் எல்லோருக்கும் பொது என்று நூறு ஆண்டுகளுக்கு முன் அரசையே ஆணை போடவைத்த ஒருவர், நமக்கு வடக்கே மதுராந்தகம் வட்டாரத்தைச் சேர்ந்தவர். கோழியாளம் கிராமத்தில் 1859 ஜூலை 7-ல் பிறந்த இரட்டைமலை சீனிவாசன்தான் அவர்.

கோவையில் படித்த காலத்தில் அவர் மற்ற பிள்ளைகளோடு விளையாடப் போகமாட்டார். ஊரையும் சாதியையும் கேட்டுவிடுவார்களே என்ற பயம். வகுப்பு தொடங்கும் மணி அடிக்கும்வரை வெளியே தனியாக உட்கார்ந்து படிப்பார். மாலை மணி அடித்ததும் வேகமாக வீட்டுக்குப் போய்விடுவார். இதையெல்லாம் அவரே தன் வாழ்க்கை வரலாற்று நூலில் பதிவு செய்திருக்கிறார்.

பிறகு நீலகிரியில் ஐரோப்பியர் நிறுவனத்தில் கணக்கராக இருந்தார். அவர் அந்த மலையில் வேலை பார்த்த காலத்தில், பதவியிலிருக்கும்போதே இறந்துபோன சென்னை மாகாண ஆளுநர் ஆதமின் நினைவாக 1886-ல் உதகையில் ஒரு நீரூற்று எழுப்பப்பட்டது. இன்றும் சேரிங் கிராஸில் அதைப் பார்க்கலாம். ஆட்சியாளர் பெயரில் நகரத்தில் நீரூற்று எழுந்த அதே காலத்தில், கிராமங்களில் சேரிப் பெண்கள் பொதுக் கிணற்றில் குடத்தை இறக்க முடியாது. யாராவது இரங்கி ஊற்றும்வரை தள்ளி நிற்க வேண்டும்.

1890-ல் சென்னைக்கு வந்தார் சீனிவாசன். அடுத்த ஆண்டு பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893 அக்டோபரில் 'பறையன்' என்ற இதழை வெளியிட்டார். எந்தப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ, அதையே பத்திரிகையின் பெயராக வைத்தார். பள்ளிக்கூடத்தில் சாதியை மறைத்து ஒதுங்கிய பிள்ளை, அதை முகப்பிலேயே அச்சிடும் மனிதராக வளர்ந்திருந்தார். இதழ் ஏழு ஆண்டுகள் நடந்தது.

1900-ல் லண்டனுக்குப் புறப்பட்டவரின் பயணம் ஆப்பிரிக்காவோடு நின்றது. தென்னாப்பிரிக்க நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். அங்கே காந்திக்குத் தமிழில் கையெழுத்துப் போடக் கற்றுத்தந்தவரும் இவரே. 1921-ல் ஊர் திரும்பினார். 1923-ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினரானார்.

1924 ஆகஸ்ட் 22 அன்று அவர் அங்கே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றில் எந்த வகுப்பாரும் நடமாடவும் பயன்படுத்தவும் தடை இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. செப்டம்பர் 25-ல் அரசாணை வந்தது. இதேபோன்ற தீர்மானம் 1923-ல் பம்பாய் சட்டமன்றத்திலும் நிறைவேறியிருந்தது. ஆனாலும் மகாத் ஊரின் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடிக்க, 1927-ல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டிச் செல்ல வேண்டியிருந்தது. தாளில் கிடைத்த உரிமை குடத்துக்கு வந்துசேர மக்கள்தான் நடக்க வேண்டும்.

1930, 1931 வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கரும் சீனிவாசனும் சேர்ந்தே தாழ்த்தப்பட்டோருக்காகக் குரல் கொடுத்தார்கள். 1945 செப்டம்பர் 18-ல் சீனிவாசன் காலமானார். ஐந்தாண்டு கழித்து நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு, கிணறு, குளம், சாலை ஆகியவற்றைப் பெயர் சொல்லியே எல்லோருக்கும் பொதுவாக்கியது. அவர் 1924-ல் கேட்டதும் அதைத்தான்.

அப்படியும் 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடித்துவந்த மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டது. கிணறு தொட்டியாக மாறிவிட்டது, மனம் மாறவில்லை.

மாணவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் பட்டியலின மக்களைத் தடுப்பது, இன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. காலனிக்குக் குழாய் எத்தனை, தண்ணீர் எத்தனை மணி நேரம் வருகிறது, தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று அங்கே எழுந்து கேட்கலாம். சீனிவாசனுக்குச் சென்னை கிண்டியில் மணிமண்டபம் இருக்கிறது. உப்பளத்து ஊர்களில் அவருக்கு நாம் செய்யும் மரியாதை, அந்தக் கேள்விகளைத் தயங்காமல் கேட்பதுதான்.