ஜவளகிரி புலி முதல் பன்னார்கட்டா சஃபாரி வரை: யார் இந்த கென்னத் ஆண்டர்சன்?

விடுமுறை வந்தாலே ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்து வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும். பிள்ளைகளுக்குப் புலி காட்டணும், எந்தக் காட்டுக்குப் போகலாம்? பன்னார்கட்டாவா, பந்திப்பூரா, முதுமலையா? முக்கால் நூற்றாண்டுக்கு முன்னால் இதே ஊர்களில் புலியைப் பார்க்க யாரும் டிக்கெட் எடுக்கவில்லை. பொழுது சாய்ந்தால் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளே இருந்தார்கள். அந்தக் காலத்தை எழுத்தில் பதிந்து வைத்துவிட்டுப் போனவர் கென்னத் ஆண்டர்சன்.

யார் இவர்?

1910 மார்ச் 8-ம் தேதி ஹைதராபாத்தை அடுத்த பொல்லாரத்தில் பிறந்தவர். பல தலைமுறைகளாக இந்தியாவிலேயே வாழ்ந்த ஸ்காட்லாந்து வம்சாவளிக் குடும்பம். படித்தது பெங்களூரு பிஷப் காட்டன் பள்ளியிலும் செயின்ட் ஜோசப் கல்லூரியிலும். சட்டம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். அவருக்கு அது ஒத்துவரவில்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்.

சுமார் 15 ஆண்டுகள் தபால் தந்தித் துறையில் வேலை. பிறகு பெங்களூரு விமானத் தொழிற்சாலையில் திட்டமிடல் பிரிவில் மேலாளர். அதாவது, இன்றைய ஓசூர்வாசிகள் பலரைப் போலவே வாரம் முழுக்கத் தொழிற்சாலை, லீவு கிடைத்தால் வெளியூர். அவர் போன வெளியூர்தான் வேறு: தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம், ஒகேனக்கல். கன்னடமும் தமிழும் பேசத் தெரிந்ததால் எல்லையின் இரண்டு பக்கமும் அவருக்குச் சொந்த ஊர்தான்.

இந்தப் பகுதியில் என்ன செய்தார்?

அப்போது ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாமே சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டம். ஆட்களைக் கொல்லும் புலியோ சிறுத்தையோ தலைகாட்டினால், சுட்டுக்கொல்ல வேட்டைக்காரர்களைத் தேடுவார்கள். 1939 முதல் 1966 வரை தென்னிந்தியாவில் ஆண்டர்சன் சுட்ட ஆட்கொல்லிகளாகப் பதிவாகியிருப்பவை 8 சிறுத்தைகள், 7 புலிகள்.

1954-ல் வந்த அவரது முதல் நூலிலேயே ஜவளகிரியும் கும்மளாபுரமும் இடம்பிடித்துவிட்டன. கும்மளாபுரம் சிறுத்தை 42 பேரைக் கொன்றதாக அதில் எழுதியிருக்கிறார். மெல்லிய சுவரும் ஓலைக் கூரையும் கொண்ட ஏழை வீடுகளுக்குள்ளேயே அது புகுந்து ஆளைத் தூக்கியது. ஜவளகிரியில் சுற்றியது ஒரு பெண் புலி. அதன் துணையை யாரோ சுட்டுவிட்டார்கள். அதன்மீதும் குண்டு பாய்ந்தது. காயத்தோடு தப்பிய பிறகுதான் அது மனிதர் பக்கம் திரும்பியது என்பது ஆண்டர்சன் தரும் விவரம். கடைசியில் ஆண் புலி கூப்பிடுவதுபோல் குரல் கொடுத்துத்தான் அதை வரவழைத்தார். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சிவனிப்பள்ளியில் திரிந்த கருஞ்சிறுத்தையின் பெயரை 1959-ல் வெளியான நூலுக்கே தலைப்பாக வைத்தார்.

காட்டை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர், சின்னாற்றங்கரையில் வாழ்ந்த பைரா என்ற பூசாரி இனத்தவர். கால்தடம் பார்ப்பது, மானும் குரங்கும் எழுப்பும் எச்சரிக்கைக் குரலைப் பிரித்தறிவது எல்லாம் இப்படிப்பட்டவர்களிடம் கற்ற பாடம். வெளியுலகில் பேர் எடுத்தது துப்பாக்கிக்காரர். பைராவின் பெயர் நமக்குத் தெரிவதே ஆண்டர்சன் அவரை நண்பராக எழுதியதால்தான்.

அவர் எழுதியதெல்லாம் அப்படியே நடந்ததா?

இந்தக் கேள்வி வாசகர்களிடம் இன்றும் உண்டு. பல சம்பவங்களுக்கு அவர் மட்டுமே சாட்சி. கதைக்காகக் கொஞ்சம் கூட்டியிருக்கலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஊர்களும் ஆறுகளும் மலைகளும் உண்மை. அவர் பெயர் சொல்லும் கிராமங்களைத் தேடி வாசகர்கள் இன்றும் இந்தப் பக்கம் வருகிறார்கள்.

வேட்டைக்காரர் எப்படிக் காட்டுக்காகப் பேசினார்?

விலங்கு ஆட்கொல்லி ஆவதற்குப் பல நேரம் மனிதன்தான் காரணம் என்பது அவர் கதைகளில் திரும்பத் திரும்ப வரும். அரைகுறையாகச் சுட்டுவிட்டுப் போகிறவர்கள், காட்டை வெட்டுகிறவர்கள், இரையைக் காலி செய்கிறவர்கள். பிற்காலத்தில் துப்பாக்கியை விட்டுக் கேமராவை எடுத்தார். காடு கண்ணெதிரே சுருங்குவதைப் பற்றி வருத்தத்தோடு எழுதினார். 1970-ல் புலி வேட்டைக்குத் தடை, 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1973-ல் புலிகள் காப்புத் திட்டம் என்று காலம் மாறியது. 1974 ஆகஸ்ட் 30-ம் தேதி பெங்களூருவில் புற்றுநோயால் ஆண்டர்சன் இறந்தார். பன்னார்கட்டா தேசியப் பூங்கா ஆனதும் அதே 1974-ல்தான்.

அவர் நடந்த காடு இப்போது எப்படி இருக்கிறது?

2014-ல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம், 504 சதுர கி.மீ. பரப்பில் அறிவிக்கப்பட்டது. 2022-ல் காவிரி தெற்கு சரணாலயம், 686 சதுர கி.மீ. ஜவளகிரியும் அஞ்செட்டியும் இப்போது பாதுகாக்கப்பட்ட பகுதிகள். பன்னார்கட்டாவிலிருந்து யானைக் கூட்டங்கள் இந்த வழியாகத்தான் வருகின்றன. சிப்காட், லேஅவுட், நெடுஞ்சாலை எல்லாம் அதன் நடுவே. ராகி விளையும் பருவத்தில் பயிரும் போகிறது, சில நேரம் உயிரும் போகிறது. அன்று சிறுத்தைக்குப் பயந்த அதே கிராமங்கள் இன்று யானைக்கு ராக்காவல் இருக்கின்றன.

அப்போ எங்கே போகலாம்?

சின்னப் பிள்ளைகளோடு ஒரே நாளில் போய்வர பன்னார்கட்டா வசதி. ஆனால் அங்கே சஃபாரியில் தெரியும் புலியும் சிங்கமும் வேலிக்குள் பராமரிக்கப்படுபவை. செவ்வாய்க்கிழமை விடுமுறை. காட்டிலேயே வாழும் விலங்கைப் பார்க்கணும்னா பந்திப்பூர், நாகரஹொளே, முதுமலை. அங்கே புலி தெரியும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மனிதர்கள் புலி தாக்கி இறந்ததை அடுத்து, 2025 நவம்பரில் பந்திப்பூரிலும் நாகரஹொளேயிலும் சஃபாரி நிறுத்தப்பட்டது. அதனால் கிளம்பும் முன் வனத்துறை அறிவிப்பைப் பார்ப்பது அவசியம். காவிரி சரணாலயங்கள் யானைகளின் வழித்தடம். அனுமதி இல்லாமல் வண்டியை உள்ளே விடுவது சட்டப்படி குற்றம்.

ஆண்டர்சன் பல ராத்திரிகள் மரத்தில் காத்திருந்து, ஒன்றும் பார்க்காமல் திரும்பியிருக்கிறார். புலி தெரியாத நாளிலும் கால்தடமும் மானின் குரலும் அவருக்குப் போதுமான செய்தி சொல்லின. முதுமலை வேனில் ஏறும் பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால், புலி வராவிட்டாலும் அவர்கள் ஏமாற மாட்டார்கள்.