ராஜாபாய் அம்மையாரின் மைந்தர்

மும்பைப் பல்கலைக்கழகத்தின் மணிக்கூண்டுக்கு ராஜாபாய் கோபுரம் என்று பெயர். பார்வை இழந்த ராஜாபாய் அம்மையார், பொழுது சாயுமுன் உண்ணும் நோன்பை வழுவாது காக்க மணியோசை உதவும் என்றே மைந்தர் பிரேம்சந்த் ராய்சந்த் அதனை எழுப்பச் செய்தார் என்பர். இச்செய்தியை நம்மவர் பலரும் அறிவர். அம்மைந்தர் பெருஞ்செல்வத்தை இழந்த வரலாற்றை அறிந்தோர் சிலரே.

1831இல் சூரத்தில் சமணக் குடும்பமொன்றில் பிறந்த பிரேம்சந்த், பம்பாயில் ஆங்கிலம் கற்றுப் பங்குத் தரகரானார். 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்து செல்வது தடைப்படவே, பம்பாய்ப் பருத்தியின் விலை பன்மடங்கு ஏறிற்று. குவிந்த பணம் புதிய வங்கிகளிலும், கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிறுவனங்களிலும் பாய்ந்தது. பிரேம்சந்த் முன்னின்ற பேக் பே நிறுவனத்தில் ரூ.5,000 செலுத்திய பங்கு ரூ.50,000 வரை விலைபோயிற்று.

இங்கே சற்று நின்று நோக்குவோம். பங்கின் சந்தை விலை வேறு; நிறுவனத்தின் பெட்டியிலுள்ள ரொக்கம் வேறு. பம்பாய் வங்கி பங்குகளை ஈடாகக் கொண்டு கடன் கொடுத்தது. கடன் பெற்றோர் அப்பணத்தால் மேலும் பங்குகள் வாங்கினர். அதனால் விலை ஏற, ஈட்டின் மதிப்பும் ஏறியதாகத் தோன்றியது. ஏட்டில் வங்கி செழித்தது, கையிருப்போ கரைந்துகொண்டிருந்தது. (பங்கு வாங்கும் நம் பிள்ளைகள் ஆண்டறிக்கையில் இலாபத்தை மட்டும் நோக்குகின்றனர். கையிலும் வங்கியிலும் உள்ள ரொக்கம் எவ்வளவு, ஓராண்டுக்குள் தீர்க்கவேண்டிய கடன் எவ்வளவு, வந்த பணம் வணிகத்தால் வந்ததா, கடனால் வந்ததா என்பனவும் அவ்வறிக்கையிலேயே உள்ளன.)

1865இல் போர் முடிந்தது. பருத்தி விலை வீழ்ந்தது. சூலை முதல் நாள் பங்குக் கணக்குகளைத் தீர்க்கவேண்டிய நாள். அன்று வாங்கியவரிடமும் பணமில்லை, விற்றவருக்கும் வழியில்லை. ரூ.2,850 வரை விற்ற பம்பாய் வங்கிப் பங்கு பின்னர் ரூ.87க்கு இறங்கியது. 1868இல் அவ்வங்கி மூடப்பட்டது. பிரேம்சந்தும் நொடித்தார். அவரைச் சூதாடி என்று இகழ்வோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஆயினும், வங்கிச் செயலரிடம் அவருக்கிருந்த செல்வாக்கே தகாத கடன்கள் பலவற்றிற்கு வழிதிறந்தது என்பதை மறைத்தல் முறையன்று.

வீழ்ச்சிக்கு முன்பே, 1864இல், நூலகத்திற்கு 2 இலட்சமும் மணிக்கூண்டிற்கு 2 இலட்சமும் பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற்கு அவர் அளித்திருந்தார். கோபுரப் பணி 1869இல் தொடங்கி 1878இல் நிறைவுற்றது. உயரம் 280 அடி. அவரும் ஊரை விட்டு ஓடவில்லை. அதே தொழிலில் நின்று மெல்ல மெல்ல எழுந்தார். 1875இல் பம்பாய்ப் பங்குத் தரகர் சங்கத்தைத் தோற்றுவித்தோருள் அவரும் ஒருவராகக் கருதப்படுகிறார்.

1906இல் பிரேம்சந்த் மறைந்தார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் அவரது கொடையால் நிறுவப்பட்ட உதவித்தொகையை இளமையில் பெற்ற அசுதோஷ் முகர்ஜி, அவ்வாண்டிலேயே அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பொறுப்பேற்றார்.