வரிசைக்குக் கணக்கு வகுத்த எர்லாங்

வரிசையில் நின்று கால் கடுக்காத மனிதர் இல்லை. டிக்கெட் கௌண்டரில் ஒரு சமயம் ஈ, காக்காய் இருக்காது. அடுத்த அரை மணியில் வரிசை வாசல்வரை நீளும். இதைத் தலைவிதி என்று விட்டுவிடாமல், இதற்கும் கணக்கு உண்டு என்று நிரூபித்தவர் டென்மார்க் நாட்டு அறிஞர் அக்னர் க்ராருப் எர்லாங்.

1878 ஜனவரி 1-ம் தேதி ஜட்லாந்துப் பகுதியிலுள்ள லோன்போர்க் கிராமத்தில் அவர் பிறந்தார். தந்தை கிராமப் பள்ளி ஆசிரியர். வயது போதாததால் தனி அனுமதி பெற்று, 14 வயதிலேயே கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் ஆரம்பத் தேர்வை எழுதிச் சிறப்பாகத் தேறினார். பின்னர் ஊர் திரும்பி, தந்தையின் பள்ளியில் இரண்டாண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தார். 1896-ல் உதவித்தொகையுடன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1901-ல் கணிதத்தில் பட்டம் பெற்றார். அதன்பின் சில ஆண்டுகள் பள்ளிகளில் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

கணிதச் சங்கக் கூட்டங்களில் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் யோஹான் யென்சனுடன் பழக்கம் ஏற்பட்டது. அவரும் பெயர்பெற்ற கணித வல்லுநரே. அவர் மூலமாக 1908-ல் எர்லாங் அந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் காத்திருந்த கேள்வி, எத்தனை லைன்கள் போட்டால் போதும் என்பது. குறைத்துப் போட்டால் அவசரத்துக்கு வைத்தியரை அழைப்பவருக்கும் லைன் கிடைக்காது. கூட்டிப் போட்டால் கம்பெனியின் பணம் வீணாகும்.

மணிக்கு 300 அழைப்புகள், ஒவ்வொன்றும் சராசரி 2 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 600 நிமிடப் பேச்சு. ஆகவே 10 லைன்கள் போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அழைப்புகள் சீராக வருவதில்லை. சில நிமிடங்கள் வெறுமையாகக் கழியும். சில நிமிடங்களில் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழும். எர்லாங்கின் சூத்திரப்படி, 10 லைன்கள் மட்டும் இருந்தால் ஏறக்குறைய ஐந்தில் ஓர் அழைப்பு திருப்பி அனுப்பப்படும். நூற்றில் ஒன்றுக்கு மேல் தவறக்கூடாது என்றால் 18 லைன்கள் வேண்டும்.

அழைப்புகள் தற்செயலாக வருவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு என்பதை 1909-ல் வெளியிட்ட கட்டுரையில் அவர் காட்டினார். தவறும் அழைப்புகளுக்கும் காத்திருக்கும் நேரத்துக்குமான சூத்திரங்களை 1917-ல் வெளியிட்டார். பிரிட்டிஷ் தபால் இலாகாவும் இவற்றை ஏற்றுக்கொண்டது.

எர்லாங் அறையில் உட்கார்ந்து கணக்குப் போடுவதோடு நிற்கவில்லை. ஏணி சுமந்த ஒரு தொழிலாளியுடன் கோபன்ஹேகன் தெருக்களில் நடந்து, பாதாளக் குழிகளில் இறங்கிக் கேபிள்களை அளந்து பார்த்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. புத்தகங்கள் வாங்குவதில் ஆசை அதிகம். உதவி கேட்டு வந்த ஏழைகளுக்கு ஓசைப்படாமல் பணம் கொடுப்பார். வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்தபின், 1929 பிப்ரவரி 3-ம் தேதி, 51-வது வயதில் காலமானார்.

1946-ல் டெலிபோன் போக்குவரத்தின் அளவுக்கு அவர் பெயரையே சர்வதேச அமைப்பு சூட்டியது. ஒரு லைன் ஒரு மணி நேரம் முழுவதும் பேச்சில் இருந்தால் அது ஓர் எர்லாங்.

1986-ல் சுவீடனின் எரிக்சன் கம்பெனியில், டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக ஒரு கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கத் தொடங்கினர். அதற்கும் எர்லாங் என்றே பெயர். அந்த மொழியில் ஒவ்வொரு சிறு வேலைக்கும் தனித் தபால்பெட்டி உண்டு. வரும் செய்திகள் அதில் வந்த வரிசையில் நிற்கும். வேலை தனக்குரியதை ஒவ்வொன்றாக எடுத்துக் கவனிக்கும். ஒரு வேலை பழுதானாலும் மற்றவை நிற்பதில்லை. எக்ஸ்சேஞ்ச் ஓடிக்கொண்டிருக்கும்போதே பழைய நிரலை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கலாம். வாட்ஸ்அப் செய்திகளைக் கொண்டு சேர்க்கும் சர்வர்கள் இந்த மொழியில் எழுதப்பட்டவையே.

கம்ப்யூட்டர் என்ற சாதனத்தையே எர்லாங் பார்த்ததில்லை. ஆனால் வேலை எவ்வளவு வரும், யார் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்று சர்வர் அமைக்கும் பொறியாளர்கள் பார்க்கும் கணக்கு, அந்தக் கிராமத்து ஆசிரியரின் மகன் தொடங்கி வைத்த கணக்குதான்.